ஈறு நிறம்

வலது விளக்கு எழவில்லை.
இடது கண் மட்டும் திறந்து
கப்பலூர் சிட்கோவில் நின்றது வண்டி,
பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆள் மாதிரி.
"அக்கா, உங்க வண்டி என்னப் பாத்துக் கண்ணடிக்குது"
என்றான் சவுரிமுத்து.

கழற்றினோம்.
மோட்டாருக்குள் இருந்த நைலான் புஷ்
பொரிகடலைபோல நொறுங்கி
உள்ளங்கையில் விழுந்தது.
நகோயாவில் ஒரு கடையில் இருக்கிறதாம்.
நாற்பது நாள், பிறகு சுங்கம்,
சுங்கத்தில் யாராவது விடுப்பில் இருப்பார்கள்.

நிசான். தொண்ணூற்று நான்கு மாடல்.
யாரோ ஒருவர் குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது
தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்கியது.
பேப்பர் எல்லாம் சுத்தம்.
நான் நான்காவது கை.
அங்கே இதை வாங்குகிறவர்கள்
முதல் வேலையாகத் தரையோடு தரையாகத் தாழ்த்துவார்களாம்.
நான் முதல் வேலையாக
ஒன்றரை அங்குலம் தூக்கினேன்.
பழங்காநத்தம் வேகத்தடைக்கு அதுவும் போதாது.
கோணலாகத்தான் ஏற வேண்டும்,
ஒரு சக்கரம்,
பிறகு ஒரு சக்கரம்,
பின்னால் மினிபஸ் என் வம்சத்தையே விசாரிக்கும்.

ரேடியேட்டர் ஜைலானி பாய் கட்டித் தந்தது.
பழையது, சித்திரை வெயிலில்
காளவாசல் சிக்னலை ஒருநாளும்
கொதிக்காமல் தாண்டியதில்லை.
டர்போவின் அழுத்தத்தைக் குறைத்திருக்கிறோம்,
நம் பெட்ரோல் அதன் கோபத்தைத் தாங்காது.
ஹாரனும் புதுசு.
அவர்கள் வைத்து அனுப்பியது
மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வழி கேட்கும்.
அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்,
தூக்கிப் போட மனசில்லை.

ஃப்யூஸ் பெட்டி மூடியில் ஜப்பான் எழுத்து.
போனைக் காட்டினால் தமிழில் சொல்லும்:
"எழும் கண்ணைத் தொடாதீர். விரல் கடிபடும்."
சிரித்தோம்.

என் தொழில் பல்.
சிம்மக்கல்லில் ஒரு மாடியறை.
டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து
முகமே தெரியாத வாய்களுக்குப்
பல்செட் செய்து அனுப்புகிறவள்.
அன்றிரவு கடைகள் சாத்திய பிறகு
இடது கண்ணின் நல்ல புஷ்ஷைக் கழற்றிவந்து
அச்சுப் பசையில் பதித்தேன்.
மெழுகு ஊற்றி, ஜிப்சத்தில் புதைத்து,
கொதிநீரில் மெழுகை ஓடவிட்டு,
அது விட்டுப்போன பள்ளத்தில்
அக்ரிலிக்கைத் திணித்தேன்.
இருந்தது ஒரே நிறம்.
விளாச்சேரி வாத்தியார் ஒருவருடைய கீழ்த்தாடைக்குக்
கலந்ததில் மிச்சம்.

காலையில் சவுரிமுத்து அதை வெளிச்சத்தில் பிடித்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நாளைக்கு இது வெத்தலை கேக்கும்க்கா."

மாட்டினோம். சுவிட்சைப் போட்டேன்.
எழுந்தது.
பாதியில் நின்று யோசித்தது.
அவன் விரலை விட்டு நெம்ப,
சட்டென்று மூடிக் கவ்விக்கொண்டது.
மூடியில் எழுதியவன் பொய் சொல்லவில்லை.
ஜைலானி பாய் ஐஸ் வாங்க ஓடினார்,
நான் பேட்டரி வயரைப் பிடுங்கினேன்,
சவுரிமுத்து வேதாகமத்தில் இல்லாத
சொற்களைச் சொன்னான்.

மறுபடி மைக்ரோமோட்டார்.
புள்ளி ஒரு மில்லிமீட்டர் கூடுதல்.
தேய்த்தேன்.
இன்னும் பிடித்தது.
தேய்த்தேன்.

விரகனூர் ரிங்ரோட்டில் இரவு ஒரு மணி.
டேஷ்போர்டில் நாலரை.
அந்தக் கடிகாரத்தை நான் திருத்தவேயில்லை,
மூன்றரை மணிநேரம் முன்னால்
தன் ஊரில் ஓடிக்கொண்டிருக்கட்டும்.
இரண்டு கண்ணும் ஒன்றாக எழுந்தன.
மூன்றாவது கியரில் டர்போ மூச்சிழுத்து விசிலடிக்க
புளியமரங்களின் வெள்ளைப் பட்டைகள்
பக்கம் பக்கமாகப் புரண்டன.
செக்போஸ்ட் போலீஸ்காரர் டார்ச்சை
வண்டிமேல் மெதுவாக நகர்த்தினார்.
"என்ன வண்டிம்மா இது?"
"பழசு சார்."
"அதுல என்ன ரோஸ் கலர்ல தெரியுது?"
"ஈறு" என்றேன்.
அவர் ஆர்சி புத்தகத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

ஐம்பத்தொன்றாம் நாள் பார்சல் வந்தது.
தீப்பெட்டி அளவு, உள்ளே வெள்ளை நைலான்,
ஒரு கீறல் இல்லை.
பரணில் ஹாரனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதே நாள் விளாச்சேரியிலிருந்தும் ஒரு பார்சல்.
வாத்தியாருக்கு வலப்பக்கம் கொஞ்சம் பிடிக்கிறதாம்.
தேய்த்து அனுப்பினேன்.